சிக்னல் போனாலும் போகாத மூளை... கம்ப்யூட்டரோடு ஆனந்த் ஆடிய ஆட்டம்!

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? கல்வராயன் மலையில வளைவுகள் ஏற ஏற, போன்ல சிக்னல் கோடு ஒவ்வொண்ணா குறையும். ரீல்ஸ் சுத்திக்கிட்டே நிக்கும். ஆனா, செஸ் ஆப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணியிருந்தா அது பாட்டுக்கு ஓடும். இலவசமா கிடைக்கிற 'ஸ்டாக்ஃபிஷ்' இன்ஜினுக்கு நெட்டே வேண்டாம். உலக சாம்பியனையே தோற்கடிக்கிற மூளை, மலை மேலேயும் உங்க பாக்கெட்டுக்குள்ள இருக்கு!

இந்த மூளைகிட்ட தோற்று, அப்புறம் அதையே துணைக்கு வெச்சுக்கிட்டு ஜெயிச்சவர் நம்ம ஊர்க்காரர்தான். 1969 டிசம்பர் 11-ம் தேதி மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த்.

ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் செஸ் கற்றுக்கொண்ட ஆனந்த், சென்னை டால் செஸ் கிளப்பில் வளர்ந்தார். அப்போதெல்லாம் வெளிநாட்டில் நடந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்கணும்னா, பத்திரிகை தபாலில் வரும்வரை காத்திருக்கணும். சோவியத் வீரர்களுக்கோ பயிற்சியாளர் படையே இருந்தது. 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன சமயத்தில்தான், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்து 'செஸ்பேஸ்' என்ற சாஃப்ட்வேர் வந்திருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நொடியில் தேடித்தரும். பின்னால் படை இல்லாத ஒரு பையனுக்கு இதைவிட என்ன வேணும்? சட்டுனு பிடிச்சுக்கிட்டார்.

1997 மே 11-ல் ஐ.பி.எம்-மின் 'டீப் ப்ளூ' காஸ்பரோவை வீழ்த்தியது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருஷமே ஆனந்த் சிக்கிய கதை அவ்வளவா பேசப்படலை. 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் 'ரெபெல் 10' என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டங்கள். மொத்தத்தில் 5-3 என ரெபெல் ஜெயிச்சது. ஆனா, பிரிச்சுப் பாருங்க. நாலு பிளிட்ஸ் ஆட்டங்களில் 3-1 என மெஷின் முன்னிலை. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் தந்த ரெண்டிலும் 1.5-0.5 என மெஷினுக்கே. நிதானமா யோசிக்க மணிக்கணக்கில் நேரம் கிடைச்ச கடைசி ரெண்டில் மட்டும் 1.5-0.5 என ஆனந்த்! அவசரத்தில் மனுஷன் தப்பு செய்வான், மெஷின் செய்யாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து வந்தது இன்னும் சுவாரஸ்யம். ரெண்டு பேருமே கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வெச்சு ஆடும் 'அட்வான்ஸ்டு செஸ்', காஸ்பரோவின் ஐடியா. 1999-ல் ஸ்பெயினின் லியோனில் கார்போவும் ஆனந்தும் இப்படி மோதினாங்க. 5-1 என ஆனந்துக்கு வெற்றி. கம்ப்யூட்டர் ரெண்டு பேருக்கும் இருந்தது. அதுகிட்ட எதைக் கேட்கணும்னு தெரிஞ்சிருந்தது ஒருத்தருக்குத்தான்.

நிஜமான பரீட்சை 2010-ல் வந்தது. உலக சாம்பியன்ஷிப், பல்கேரியாவின் சோபியா. எதிரே உள்ளூர்க்காரர் டோபலோவ். தயாரிப்புக்கு அவர் கையில் 'ப்ளூ ஜீன்' சூப்பர் கம்ப்யூட்டர். ஆனந்த்தோ ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்தாகி, பிராங்க்ஃபர்ட்டில் இருந்து சுமார் 40 மணி நேரம் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டமே தோல்வி. வீட்டில் கம்ப்யூட்டரோடு தயார் பண்ணிய நகர்த்தல்கள்தான், வரிசை மாறிப்போச்சு. எக்ஸாம் ஹாலில் படிச்சது மறந்துபோகுமே, அதே மாதிரி! மெஷின் சொல்லித்தரும், ஆனா போர்டில் ஞாபகம் வெச்சுக்க வேண்டியது மனுஷன்தான்.

பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம். சமநிலை. கறுப்புக் காய்களோடு உட்கார்ந்த ஆனந்த் எடுத்தது நூறு வருஷப் பழசான லாஸ்கர் தற்காப்பு. டிரா ஆகவேண்டிய ஆட்டத்தில் டோபலோவ் ரிஸ்க் எடுத்தார், சறுக்கினார். 6.5-5.5! தேதி மே 11, டீப் ப்ளூ ஜெயிச்ச அதே நாள். காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் எல்லாம் உதவினாங்கனு ஆனந்த் அப்புறமாத்தான் சொன்னார். சூப்பர் கம்ப்யூட்டருக்கு எதிரா அவர் நண்பர்களைத் திரட்டியிருக்கார்!

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் அரோனியனை 23 நகர்த்தலில் முடிச்சாரே, அந்த அழகான தாக்குதலின் பெரும்பகுதியும் முந்தைய வருஷ சாம்பியன்ஷிப்புக்காக வீட்டில் தயார் பண்ணி வெச்சது. அது அவர் பாராட்டைக் குறைக்குதானு கேட்டா, என் பதில் 'இல்லை'. பல மாசம் கழிச்சு சரியான நேரத்தில் ஞாபகம் வரணுமே!

அவர் வழிகாட்டலில் வளர்ந்த குகேஷ் கதை நேர் எதிர். கோச் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவரை இன்ஜின் பக்கமே விடலை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12-ல், 18 வயதில், உலக சாம்பியன்.

அடுத்த முறை வெள்ளிமலை பஸ்ல செஸ் ஆடினா, தோற்ற உடனே 'அனாலிசிஸ்' பட்டனைத் தட்டாதீங்க. எங்கே சறுக்கினோம்னு முதல்ல நீங்களே தேடுங்க. இன்ஜின் எங்கேயும் போகாது, அதுக்குத்தான் சிக்னலே வேண்டாமே!