தம்பபண்ணி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் எங்க ஊர் ஆற்றின் பெயர்தான் ஒரு காலத்தில் இலங்கைக்கும் பெயர். பாலியில் தம்பபண்ணி, கிரேக்கர் வாயில் தப்ரபேன். ஆறு தீவுக்குக் கொடுத்ததா, தீவு ஆற்றுக்குக் கொடுத்ததா? 1881இல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல்லும் இதை யோசித்திருக்கிறார். மகாவம்சம் சொல்வது வேறு கதை: விஜயனோடு கரையிறங்கியவர்கள் மண்ணில் கை ஊன்ற, உள்ளங்கை செம்பு நிறமானது, அதனால் அந்தப் பெயர்.

லீவில் கண்டியிலிருந்து எல்லாவுக்கு ரயிலில் போனேன். ஜன்னலுக்கு வெளியே பச்சை, மேகம், அருவி. பாபநாசத்துக்கு மேலே இருக்கிற மாதிரியேதான். பெட்டி முழுக்க போட்டோ எடுத்துட்டிருந்தோம்.

ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி காடு இல்லை, தேயிலை. 1830களிலிருந்து காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிய, அந்த இடத்தில் தேயிலை வந்தது. வெட்டியதும் நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், திருநெல்வேலிக்காரர்களும் உண்டு. மன்னாரில் இறங்கி மலைக்கு நடந்தே போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். அவங்ககிட்ட யாரும் கேட்கல.

மண்ணில் கை சிவந்தவர்களால் வந்த பெயர் என்றால், அதில் இவர்களுக்கும் பங்கு உண்டு.