விரலை எடுத்ததும் அணையும் சுடர், எரிந்து ஓய்ந்து அணையும் சுடர்

கேஸ் ஹீட்டரில் பைலட், அதாவது பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர், நிற்கவில்லை என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது அணைகிறது என்பதுதான். குமிழிலிருந்து விரலை எடுத்த உடனேயா, நன்றாக எரிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகா? பார்வைக்கு இரண்டும் ஒரே கோளாறு. ஆனால் முன்னதற்குச் சரியான வைத்தியம் பின்னதில் உயிருக்கே உலை வைக்கலாம்.

அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடிய இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நிலவறையில் நிற்கும் பழைய பாணி வெந்நீர்த் தொட்டி. அதன் புகை குழாய் வழியாக வெளியேறிவிடும். மற்றொன்று, தென் மாநிலங்களில் அறைச் சுவரில் மாட்டுகிற, புகைபோக்கியே இல்லாத புரொப்பேன் ஹீட்டர். அது எரித்துக் கழிக்கும் காற்று அறைக்குள்ளேயே தங்குகிறது. கலிஃபோர்னியா வீடுகளில் இந்த வகைக்கு அனுமதி இல்லை.

இரண்டிலும் காவல் காப்பது தெர்மோகப்பிள்தான். வெவ்வேறு உலோகங்கள் இரண்டைச் சேர்த்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். இந்த விளைவை 1821-இல் கண்டவர் தாமஸ் சீபெக். பைலட் சுடரில் குளிக்கும் முனை ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிவோல்ட் தருகிறது. வால்வை இழுத்துத் திறக்க இது போதாது. விரலால் அழுத்தித் திறந்த வால்வை மின்காந்தத்தால் பிடித்து வைக்க மட்டுமே போதும். குமிழை அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்வது இதனால்தான். சுடர் போனால் முனை ஆறும், பிடி விடும், கேஸ் நிற்கும்.

விரலை எடுத்ததும் அணைந்தால், அந்தப் பிடி விழவில்லை என்று பொருள். உடனே புது தெர்மோகப்பிள் வாங்க ஓடுகிறவர்கள் அதிகம். சுடரைப் பார்ப்பவர்கள் குறைவு. முனையின் மேல் ஒரு சென்டிமீட்டர் நீலச் சுடரில் மூழ்கியிருக்க வேண்டும். சுடர் குட்டையாக இருந்தால் பைலட் துளையில் அடைப்பு. கோடை முழுதும் சும்மா கிடந்த ஹீட்டரில் சிலந்தி வலையே போதும். சுடர் சரியாக இருந்தும் முனை ஒதுங்கி நின்றால் அதை உள்ளே நகர்த்த வேண்டும். பிறகு வால்வோரம் உள்ள நட்டு: கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் அந்த இணைப்பிலுள்ள காப்பு நசுங்கிவிடும். மல்டிமீட்டரில் 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டினால் தெர்மோகப்பிளை மாற்றிவிடலாம், விலை அதிகமில்லை. அளவு சரியாக இருந்தும் நிற்காவிட்டால் வால்வுக்குள் இருக்கும் காந்தம் பழுது. அதைப் பிரிப்பது வீட்டு வேலை அல்ல.

எரிந்து, பிறகு அணையும் வகை வேறு. வெந்நீர்த் தொட்டியில் புகைக்குழாய் வழியே கீழிறங்கும் காற்று, கதவை அடைத்ததும் ஏற்படும் காற்றுப் பற்றாக்குறை, அடியில் உள்ள வலையில் படிந்த பஞ்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சுவர் ஹீட்டரில்தான் விஷயம் ஆழமாகிறது. அதன் பைலட் வெறும் பற்றவைக்கும் சுடர் அல்ல, அறைக் காற்றைச் சோதிக்கும் கருவி. சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். அது 18-ஐ நெருங்கும்போது சுடர் நிலைகொள்ளாமல் நீண்டு, துளையை விட்டு எழும்பி, தெர்மோகப்பிளை விட்டு விலகும்படி அந்தத் துளை அளந்து செய்யப்பட்டிருக்கிறது. முனை ஆறுகிறது, ஹீட்டர் நிற்கிறது. மின்கலமோ மின்னணுச் சில்லோ இல்லாமல் சுடரின் இயல்பையே காவலாக்கிய இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். சங்கடம் என்னவென்றால், பைலட்டின் காற்றுத் துளையில் தூசி அடைந்தாலும் சுடர் இதேபோல் சோர்ந்துவிடும். வேறுபடுத்த வழி இருக்கிறது. தூசி என்றால் பற்றவைத்த கணத்திலிருந்தே சுடர் மஞ்சளாக, தளர்ந்து நிற்கும்; அழுத்தக் காற்றால் ஊதினால் சரியாகும். காற்றுதான் குறை என்றால் நீலமாக, விறைப்பாகத் தொடங்கி, நேரம் ஆக ஆகத்தான் எழும்பும். சன்னலைத் திறந்து வைத்தால் நிற்கும். டென்வர் போல 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்களில் காற்று மெல்லியதாக இருப்பதால், அறையில் குறையே இல்லாமலும் அணையக்கூடும்.

வெந்நீர்த் தொட்டியில் முனையைச் சுடருக்குள் தள்ளுவது முறையான பழுதுபார்ப்பு. அதே கையசைவை இந்தச் சுவர் ஹீட்டரில் செய்தால், ஆக்ஸிஜன் குறைந்த அறையிலும் பைலட் அணையாமல் எரியும். எச்சரிக்கை சொல்ல வந்ததன் வாயைக் கட்டுகிற வேலை அது. இங்கே துளையும் முனையும் ஆலையில் அளந்து பொருத்திய ஒரே தொகுதி. வளைக்கக் கூடாது, துளையைக் கம்பியால் குத்தக் கூடாது. பழுதானால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

நம் ஊர்க் குளியலறை கேஸ் கீசரில் நிரந்தர பைலட் பெரும்பாலும் கிடையாது. தண்ணீர் ஓடியதும் பேட்டரிப் பொறியில் பற்றிக்கொள்கிறது. ஆனால் சன்னல் அடைத்த சிறிய அறையில் எரிவது அதே நெருப்புதான். அடைத்த குளியலறைகளில் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. குளிக்கும்போது கீசர் தானாக நின்றால், திரும்பப் பற்றவைக்கும் முன் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆக்ஸிஜனைக் கவனிக்கும் பைலட் கார்பன் மோனாக்சைடை அறியாது. பிரதான பர்னர் அழுக்கேறி மோசமாக எரிந்தால், ஆக்ஸிஜன் அவ்வளவாகக் குறையாமலே அந்த மணமற்ற நஞ்சு சேரலாம். ஆகவே பைலட் உறுதியாக நிற்கிற வீட்டிலும் அதற்கென்று தனி அலாரம் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், அடைபட்ட புகைக்குழாயால் ஒரு குடும்பமே 2008-இல் மாண்ட பிறகு, 2013-இல் இதற்காகச் சட்டமே இயற்றியது.