பூந்தமல்லியின் மாசி

மாசி மாதத்தில் விடியுமுன் அப்பா என்னை எழுப்பிவிடுவார். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மாங்காட்டுப் பக்கம், செம்பரம்பாக்கம் ஏரிக் கால்வாய் பாய்ந்த ஒன்றரை ஏக்கரில் நவரை நெல் நட்டிருப்போம். அவர் ஒரு வரப்பில், நான் எதிர் வரப்பில், நடுவே தேங்காய் நார்க் கயிறு. பயிரின் தலையைத் தொட்டபடி கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தால், இலைகளில் கோத்திருந்த பனி சரசரவென்று தண்ணீரில் உதிரும். கழனியின் கடைசி வரப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் என் விரல்கள் விறைத்துப்போகும்.

பனியைத் தட்டாவிட்டால் குலைநோய் வரும். இரவு குளிர்ந்து, இலை பல மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தால் அந்தப் பூசணம் பரவுகிறது. முதலில் இலையில் கண்போலச் சாம்பல் நிறப் புள்ளி விழும். பிறகு கதிரின் கழுத்து கறுத்து ஒடியும், மணியெல்லாம் பதர். பூசணத்தின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் எந்த இரவில் காற்று அடங்கி வானம் துடைத்தாற்போல் இருக்கிறதோ, அதற்கு மறுநாள் கயிறு வேண்டும் என்பது தெரியும். வானிலை இயலும் அதைத்தான் சொல்கிறது. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வேகமாக விட்டுவிடும். அதன்மேல் நிற்கும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகவும் மூடுபனியாகவும் இறங்கும். செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரிகள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகும் ஈரத்துக்குக் குறைவில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பழமொழி. எங்கள் ஆயா சொன்னது வேறு. "செவராத்திரியோட பனி செவசெவான்னு பூடும்டா" என்பாள். சிவராத்திரி கழிந்த வாரத்திலேயே போர்வையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகும் பனி வரும். அவள் போர்வையை வெளியே எடுக்கமாட்டாள். மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று பழந்தமிழர் வகுத்தார்கள். வட இந்தியாவில் இந்த நாட்களை வசந்தத்தின் தொடக்கம் என்பார்கள். அங்கே குளிர் விலகுவதற்காகக் காத்திருக்கிறார்கள். எங்களுக்கோ பின்னால் வரும் வெயிலுக்கு முன் கிடைக்கும் கடைசிக் குளிர்ச்சி இது.

இந்த மாசியில், மிருகசீரிட நட்சத்திரத்தில், பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். பதினோராம் நூற்றாண்டுக்காரர், இராமானுசருக்கு வழிகாட்டியவர். வணிகக் குலத்தில் பிறந்து, சொத்தை விட்டு, நந்தவனம் வைத்து, பூத்தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார். பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் தாயாரின் பெயரே புஷ்பவல்லி. நம்பிகள் செய்த இன்னொரு தொண்டு ஆலவட்டம் வீசுவது. அரங்கனுக்கு வீசப் போனாராம். காவிரிக்கு நடுவே குளிர்ச்சியாக இருக்கிறேன் என்றாராம் அரங்கர். வேங்கடவனிடம் போனால், மலைமேல் இருக்கிறேன், விசிறி வேண்டாம் என்றாராம். காஞ்சி வரதர் வேள்வித் தீயில் தோன்றியவர். அந்தச் சூடு தீர அவருக்குத்தான் விசிறி தேவைப்பட்டது. வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

மாங்காட்டுத் தலபுராணமும் சூட்டைப் பற்றியதுதான். காமாட்சி நெருப்பின் நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்று, தீயை அணைக்காமல் காஞ்சிக்குப் போய்விட்டாள். வெப்பம் தாங்காமல் ஊர் தவிக்க, ஆதிசங்கரர் அர்த்தமேரு சக்கரத்தை நிறுவித் தணித்தார் என்கிறது புராணம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சைவமும் வைணவமும் தணிப்பதையே கதையாக்கி வைத்திருக்கின்றன. கடற்காற்று மயிலாப்பூருக்கு வந்து வெகுநேரம் கழித்தே இங்கே எட்டிப் பார்க்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அதையும் தள்ளிவிடும் நாட்கள் உண்டு. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் கடவுளுக்கு விசிறியைக் கொடுத்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

வெயிலையும் பனியையும் பற்றிய அரசாங்கப் பதிவு நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது. 1792-இல் அங்கே கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளை எழுதிவைத்தார். நுங்கம்பாக்கக் கணக்குப்படி பிப்ரவரியில் பகல் வெப்பம் சராசரியாக 31 டிகிரியை ஒட்டியும், இரவு 22 டிகிரியை ஒட்டியும் இருக்கும். கடலுக்குப் பக்கத்து ஊரின் எண் அது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் விடியற்காலை அதைவிடக் குளிரும், நண்பகல் அதைவிடச் சுடும். எங்கள் மாசியை நாங்கள் எங்கே எழுதிவைத்தோம் என்று யோசித்தால், நெல்லிலும் பூவிலும் எழுதினோம் என்றுதான் சொல்வேன். திருவள்ளூருக்கு அருகே திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 9 இந்தப் பக்கத்துக் கழனிகளில் ஊன்றி நின்ற குறுகிய கால நெல் ரகம். கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்த குண்டுமல்லி மாசிக் கடைசியில் மொட்டு விடும். ஆயா இருட்டிலேயே பறித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் முதல் பஸ் ஏறிச் சென்னைப் பூக்கடைச் சந்தைக்குப் போவாள். பனி மொட்டுக்குள் இறங்கினால் காம்பு சிவந்து விலை பாதியாகும். 1996-இல் பூச்சந்தை கோயம்பேட்டுக்கு வந்தபோது தூரம் குறைந்தது. அப்போது எங்களிடம் செடி இல்லை.

தொழிற்சாலைகள் முன்பே வந்துவிட்டிருந்தன. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1964-இல் தொழிற்பேட்டை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா வெளிவந்தது. அங்கேதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். காலை ஷிப்டுக்கு சென்னீர்க்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு வழியாகச் சைக்கிள். மாசியில் கூவம் பாலத்தில் ஏறினால் முன்சக்கரம் தெரியாது. மணியை அடித்துக்கொண்டே போவோம். எதிரே வருபவர்களும் மணியை அடித்துக்கொண்டே வருவார்கள். முகம் தெரியாமலே மணிச் சத்தத்தை வைத்து இன்னார் என்று கண்டுகொண்டிருக்கிறேன். சட்டை நனைந்து உள்ளே போனால் பத்து மணிக்கெல்லாம் கூரைத் தகடு காய ஆரம்பித்துவிடும்.

அப்பா காலமான பிறகு கழனியில் ஒரு போகம்கூட வைக்கவில்லை. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர். கால்வாய் போன வழியில் வீடுகள் நிற்கின்றன. நகரம் தண்ணீர் குடிப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கயிறு இழுத்த அப்பாக்கள், மொட்டு பறித்த ஆயாக்கள் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அம்பத்தூர், ஆவடி வரலாற்றைத் தொழிற்பேட்டையிலிருந்து தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் வீட்டில் நவரை நட்ட கை ஒன்று இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: பனியை எப்படித் தட்டினார்கள், எந்த மதகிலிருந்து தண்ணீர் வந்தது, எந்த ஆண்டோடு நின்றது. ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அப்பாவின் கயிறு என்னிடம் இல்லை. அது எத்தனை முழம் என்று அவரிடம் நான் கேட்கவுமில்லை.