இட்டேரியும் மின்மோட்டாரும்

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், சாலைக்கென்று செய்யப்பட்ட வண்டி எதுவும் சாலையோடு நின்றதில்லை. விவசாயி தன் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் கொங்கு வழக்கத்தில், தார்ச்சாலையிலிருந்து இறங்கி, இருபுறமும் கிளுவை வேலி நிற்கும் இட்டேரி என்னும் குறுகிய மண்தடத்தில் நெடுந்தூரம் சென்றால்தான் பல வீடுகளை அடைய முடியும். ஆகவே வண்டியின் தகுதி, அதன் வேகத்தைவிட அந்தக் கடைசித் தொலைவை அது தாங்கும் விதத்தாலேயே அளக்கப்பட்டது. வடக்கே குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கத்துக் கரிசல், மழைக்காலத்தில் சக்கரத்தோடு சுருண்டு வந்து மட்கார்டுக்குள் இறுகி வண்டியை நிறுத்திவிடும். தெற்கே ஆனைமலை அடிவாரத்துச் சரளைத் தடமோ கோடையிலும் சக்கரத்தை வழுக்கச் செய்யும்.

மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறக்கிய மாட்டுவண்டி, தான் போகும் தடத்தையே ஆழமாக அறுத்துவிடும் இயல்புடையது. பழைய மோட்டார் வண்டிகளின் அச்சையும் ரப்பர்ச் சக்கரத்தையும் பொருத்திய டயர் வண்டி வந்தபோது, அதே காளைகள் கூடுதல் பாரத்தை இழுத்தன, தடமும் ஓரளவு தப்பியது.

மோட்டார் இந்த ஊருக்குப் பொதுப் போக்குவரத்தாக வந்தது பெருஞ்சாலை வழியே. ஜி.டி.நாயுடு 1920இல் ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கி, அதைத் தாமே ஓட்டிய பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தின் நடுவில்தான் உடுமலை இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து திண்டுக்கல் வரையிலான ரயில்பாதை 1928இல் வந்தது. இரண்டுமே இட்டேரியின் வாயில் நின்றுவிட்டவை. அதற்குள் நுழைந்த முதல் எளிய இயந்திரம் மொபெட் என்றே கூறலாம். 1972இல் லூனாவும், 1980இல் ஓசூரிலிருந்து இருவர் செல்லத்தக்க டிவிஎஸ் 50ம் சந்தைக்கு வந்தபின், நகரத்துக் குடும்பங்களை எண்ணி வடிவமைக்கப்பட்ட அந்தச் சிறு வண்டியை, பின்னிருக்கையைக் கழற்றி, இரும்புக் கேரியரைப் பற்றவைத்து, தீவனக் கட்டும் பால் கேனும் தேங்காய் மூட்டையும் ஏற்றும் வண்டியாக உழவர்கள் மாற்றிக்கொண்டார்கள். பின்னர் வந்த எக்ஸ்எல் வகைகளைப் பாரம் சுமப்பவை என்றே உற்பத்தியாளரும் விற்றதைப் பார்த்தால், பட்டறையில் நடந்த மாற்றத்தைத் தொழிற்சாலை பின்தொடர்ந்தது என்று கொள்வதில் தவறில்லை. கால்வைக்கும் இடம் திறந்து கிடப்பதும், கியர் மாற்றும் வேலை இல்லாததும், பள்ளத்தில் காலூன்றி மீளக்கூடிய அளவுக்கு எடை குறைந்திருப்பதும் அதன் உண்மையான பலங்கள்.

மின்சாரத்தில் ஓடும் வண்டி இப்பகுதிக்குப் புதியதாயினும், மின்மோட்டார் புதியதன்று. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் பரவியது. 1937இல் கோவையில் உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று. காயில் கட்டும் பட்டறைகள் சிற்றூர்கள் வரை பெருகின. 2008இல் ஹேமலதா அண்ணாமலை கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கி மின் இருசக்கர வண்டிகளைச் செய்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. ஆனால் கிணற்று மோட்டார் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில் ஓடுவது, நீர்மூழ்கி வகையாயின் தண்ணீரே அதைக் குளிர்விப்பது. மண்தடத்தில் ஏறும் மோட்டாருக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

சாலைக்கான மின் சைக்கிளை ஏற்றப் பாதைக்கு மாற்றுவதில் உள்ள இடர் இங்கேதான் தொடங்குகிறது. சக்கரத்தின் நடுக்குடத்திலேயே பொருத்தப்படும் ஹப் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிச் சுழலும்போது சிக்கனமாக இயங்கும்படி அமைக்கப்பட்டது. ஓட்டுபவரோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள சைக்கிள், 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேட்டில் 250 வாட்டை மட்டும் நம்பி ஏறினால், மணிக்கு 9 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த மெதுவான வேகத்தில் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்; மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச்சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். இதற்கு மாற்றாக, பெடல் அச்சருகே அமர்ந்து, சங்கிலி வழியே சைக்கிளின் கியர்களையே பயன்படுத்தும் நடு மோட்டாரைப் பொருத்தினால், சக்கரம் மெதுவாக உருண்டாலும் மோட்டார் தன் வேகத்தில் சுழலும். விலையாக, சங்கிலியும் பல்சக்கரமும் விரைவில் தேயும். அகலமான முள் டயரைக் காற்றுக் குறைத்து ஓட்டுவது சரளையில் பிடிமானம் தரும், ஆனால் தார்ச்சாலையில் பேட்டரியைத் தின்னும். கரிசலுக்கு மட்கார்டை உயர்த்தினாலே பாதி வேலை முடிந்தது, இதை மொபெட் வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தகைய ஒட்டுவேலையிலிருந்துதான் உலகளவில் மலைச்சைக்கிளே பிறந்தது: கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் 1970களில் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களுக்குக் கியரும் வலுவான பிரேக்கும் பூட்டி மலைச்சரிவில் இறக்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மலை உடுமலைக்காரர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழையவே முடியாது என்பதால், விளையாட்டுச் சவாரிக்கு எஞ்சுவது அடிவாரத் தடங்களும் இட்டேரிகளும்தான். குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக்குடியிருப்பு மக்கள் நோயாளியைத் தொட்டில் கட்டிச் சுமந்து இறங்கும் பாதைகளைச் சவாரித் தடமாகக் கருதுவது, சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், பொருந்தாத ஆசை.

மாற்றத்தின் எல்லையையும் சட்டமே வகுக்கிறது. பதிவுபெற்ற மோட்டார் வண்டியின் அடிப்படை விவரங்கள் மாறும்படி உரிமையாளர் அதைத் திருத்தக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்டிருந்தால் மின் சைக்கிளுக்குப் பதிவே தேவையில்லை. ஏற்றத்துக்காகப் பெரிய மோட்டாரை மாட்டிய கணத்தில் அது அந்த விலக்கை இழந்து, பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் வேண்டும் வண்டியாகிவிடுகிறது. ஆகவே சட்டத்துக்கு உட்பட்டு மாற்ற நினைப்பவர், வாட்டைக் கூட்டாமல், டயரிலும் பல்சக்கர விகிதத்திலும் எடைக் குறைப்பிலுமே வழி தேட வேண்டியிருக்கிறது.