சிப்பூர்த் தாவரவியல் பூங்காவும் மருத்துவர் ஜார்ஜ் கிங்கும்

கொல்கத்தாவை அடுத்து, ஹூக்ளியாற்றின் மேலைக்கரையில் அமைந்த சிப்பூர்த் தாவரவியல் பூங்காவின் வரலாறு பெரிதும் மருத்துவர்களின் வரலாறாகவே உள்ளது. 1787இல் அதனைத் தோற்றுவித்த கர்னல் ராபர்ட் கிட் படைத்துறையினர். 1793இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோ அறுவை மருத்துவர். சென்னையில் பணி தொடங்கிய அவரை இந்தியத் தாவர ஆய்வில் ஊன்றச் செய்தவர்களுள் தரங்கம்பாடி மருத்துவர் கோனிக் குறிப்பிடத்தக்கவர். வங்கத்துப் பூங்காவின் வேர்களுள் ஒன்று சோழநாட்டுக் கடற்கரையில் ஊன்றியிருப்பது தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தியாகும்.

பூங்காவை வளர்த்தவர்கள் மட்டுமல்லர், சிதைத்தவரும் மருத்துவரே. வாலிக் விடுப்பில் இருந்த காலத்தில் (1842-44) பொறுப்பு வகித்த வில்லியம் கிரிஃபித், தாவரங்களை இனமுறைப்படி நிறுத்த விரும்பி, முதிர்ந்த மரங்கள் பலவற்றை வெட்டுவித்தார். 1848இல் அங்கு வந்த ஜோசப் ஹூக்கர் இவ்வழிவைக் கண்டு வருந்தி எழுதியுள்ளார். கிரிஃபித்தின் புலமை ஐயத்திற்கு இடமற்றது; எனினும் வகைப்பாட்டின் பொருட்டு நிழலை இழப்பது எவ்வகையில் தகும் என்னும் வினா எழாமலில்லை.

எஞ்சியவற்றை இயற்கை விட்டுவைக்கவில்லை. 1864 அக்டோபர் 5ஆம் நாள் வீசிய பெரும்புயலும் ஆற்றில் ஏறிவந்த கடல்நீரும் மரங்களில் ஏறத்தாழச் சரிபாதியைச் சாய்த்தன. 1867இல் மற்றொரு புயல் வீசியது. நிழலற்ற நிலத்தில் களைகள் மண்டின.

1871இல் கண்காணிப்பாளரான ஜார்ஜ் கிங் (1840-1909) இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். அவர் ராக்ஸ்பரோவின் பூங்காவை அவ்வாறே மீட்க முயலவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தட்டையான நிலத்தில் ஏரிகளை அகழ்வித்தார். மேடு பள்ளங்களை உருவாக்கினார். புதிய சாலைகள் அமைத்தார். ஆகவே இதனை மீட்பு என்பதினும் மறுபடைப்பு என்பதே பொருந்தும். ஏரி அகழ்ந்த தொழிலாளர் பெயர்களை நாம் அறியோம்; கண்காணிப்பாளர் பெயரே நின்றது. 1883இல் உலர்தாவரக் காப்பகத்திற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. ராக்ஸ்பரோ வரைவித்த 2,500க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்கள் சிப்பூரிலேயே பேணப்படுகின்றன.

கிங் மருத்துவத்தைக் கைவிட்டவரல்லர். டார்ஜிலிங் மலைச்சரிவில் சிங்கோனாத் தோட்டங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. 1892 முதல் வங்காள அஞ்சலகங்களில் கொய்னா மருந்து காலணாப் பொட்டலங்களாக விற்கப்பட்டது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படுத்தியது நிலத்தின் வளத்தைக் காட்டுதற்கு. கிங்கின் பட்டியல்களிலோ பேரரசின் வருவாயும் ஏழையின் காய்ச்சலும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன.

1887இல் அவர் தொடங்கிய பூங்கா ஆண்டுமலரின் முதல் தொகுதி ஆல், அத்தி இனங்களைப் பற்றியது. அங்குள்ள பேராலமரம் அவ்விரு புயல்களிலும் ஊறுபட்டது. பின்னர்ப் பூஞ்சை பற்றியதால் அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயலில் அதன் விழுதுகள் சிலவும் பூங்காவின் மரங்கள் பலவும் வீழ்ந்தன. அடிமரமின்றி விழுதுகளாலேயே அம்மரம் நிற்கிறது.