பிஎச்பி 5-இலிருந்து மைஎஸ்கியூஎல் நூலகம் நீங்கியது ஏன்? ஒரு மறுவாசிப்பு

பிஎச்பி 4-இன் மூலநிரலோடு மைஎஸ்கியூஎல் கிளையன்ட் நூலகமும் சேர்ந்தே வந்தது. 2003 ஜூனில் வெளியான பிஎச்பி 5-இன் முதல் பீட்டாவில் அது இல்லை. மாற்றப் பட்டியலில் நீக்கம் ஒரே வரியில் பதிவாகியுள்ளது, காரணம் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளியை இதுவரை நிரப்பிவந்தது 'உரிம வாசிப்பு'. மைஎஸ்கியூஎல் 4.0-இல் கிளையன்ட் நூலகம் எல்ஜிபிஎல்லிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாறியது. பிஎச்பி உரிமம் ஜிபிஎல்லோடு பொருந்தாது. ஆகவே நூலகத்தை உடன் கொடுக்க முடியாமல் போயிற்று என்பது அதன் வாதம்.

இந்த வாசிப்பு பாதி உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிஎச்பியோடு வந்துகொண்டிருந்தது பழைய 3.23 நூலகம். புதிய உரிமம் அதைக் கட்டுப்படுத்தாது. 2002 டிசம்பரில் வந்த பிஎச்பி 4.3-இலும் அது இருந்தது. உரிமம் தடுத்தது நூலகத்தைப் புதுப்பிப்பதைத்தான். பழையதை வைத்திருப்பதை அன்று. மைஎஸ்கியூஎல் 4.1 கடவுச்சொல் முறையை மாற்றியதால் பழைய நூலகம் புதிய சர்வரில் நுழைய முடியாமல் போனது என்று உரிமத் தரப்பு பதில் சொல்லலாம். வலுவான பதில்தான். ஆயினும் 2004 மார்ச்சில் மைஎஸ்கியூஎல் நிறுவனம் திறமூல மென்பொருள்களுக்கு விதிவிலக்கு அளித்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த பிஎச்பி 5.0-இல் நூலகம் திரும்பவில்லை. விதிவிலக்கு பீட்டாவுக்குப் பிந்தியது. எனவே நீக்கியதற்கான காரணத்தை அது காட்டாது, திரும்பாததை மட்டுமே விளக்கக் கேட்கும்.

இங்கேதான் எவரும் பொருட்படுத்தாத ஒரு சான்று உதவுகிறது. பிஎச்பி 4-ஐக் கம்பைல் செய்யுமுன் ஓட்டும் கான்ஃபிகர் நிரல், முடிவில் கோடுகளால் கட்டிய ஒரு எச்சரிக்கைப் பெட்டியைத் திரையில் அச்சிடும். பிஎச்பியைச் சர்வர் மாட்யூலாகக் கட்டுபவர், மைஎஸ்கியூஎல்லைப் பயன்படுத்தும் வேறு மாட்யூல்களையும் அதே சர்வரில் ஏற்றுவதாக இருந்தால், உடன்வரும் நூலகத்தை நம்பக்கூடாது. கணினியில் ஏற்கெனவே உள்ள மைஎஸ்கியூஎல்லின் பாதையைக் கொடுத்தே கட்ட வேண்டும் என்கிறது அது. எடுத்துக்காட்டாக மூன்று பெயர்கள்: மாட்_ஆத்_மைஎஸ்கியூஎல், பிஎச்பி 3.0, மாட்_பெர்ல்.

பெட்டியில் தேதி இல்லை. நடுவில் உள்ள பெயரே உள்சான்று. பிஎச்பி 3-உம் 4-உம் ஒரே அப்பாச்சியில் அருகருகே ஓடிய காலத்து எழுத்து இது, 4.0 வெளியான 2000-ஐ ஒட்டியதாக வைக்கலாம். அதற்குமேல் துல்லியப்படுத்த என்னால் இயலவில்லை. எப்படியாயினும் ஜிபிஎல் மாற்றத்துக்கு முந்தையது என்றே கருதுகிறேன்.

எச்சரிக்கையின் பின்னணி எளிது. அப்பாச்சி 1.3 தன் மாட்யூல்களின் குறியீட்டுப் பெயர்களை எல்லோருக்கும் பொதுவாக ஏற்றியது. பிஎச்பிக்குள் ஒரு பிரதி, மாட்_பெர்ல் வழியாக இன்னொரு பிரதி என இரண்டு நூலகங்கள் ஒரே புராசஸில் நுழைந்தால், ஒரே பெயருள்ள செயற்கூறுகளில் முதலில் வந்ததே இருவருக்கும் கிடைக்கும். இரண்டும் வேறு பதிப்பாக இருந்து, இணைப்பு விவரத்தை வைக்கும் கட்டமைப்பின் அளவும் மாறியிருந்தால், நினைவகம் கெடும். நிர்வாகி பிழைப் பதிவில் காண்பது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற வரியை மட்டுமே. அதிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரர்தான்!

இந்த மோதல்தான் நீக்கத்துக்குக் காரணம் என்று நேரடியாகச் சொல்லும் ஆவணம் என்னிடம் இல்லை. மோதல் அவ்வளவு கடுமையென்றால் 4.1-இலோ 4.3-இலோ ஏன் நீக்கவில்லை என்ற கேள்வியும் நியாயமானது. உடன்வரும் நூலகத்தை நம்பிக் கட்டிய நிறுவல்களை இடைப்பதிப்பு ஒன்றில் முறிக்க யாரும் துணியமாட்டார்கள். முழு எண் மாறும்போதே அதற்கு வாய்ப்பு என்பது என் ஊகம். ஆனால் ஒரு திட்டம் தன் இயல்பான தெரிவையே பயன்படுத்த வேண்டாமென்று பெட்டி கட்டி எச்சரிப்பது சாதாரண நிலையன்று. உரிமம் மாறுமுன்பே, உற்பத்திச் சூழலில் அந்த நூலகம் சுமையாகியிருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டியதில்லை.

2009-இல் பிஎச்பி 5.3-உடன் வந்த மைஎஸ்கியூஎல்என்டி என்ற புதிய நூலகத்தை உரிமத் தரப்பு தன் வெற்றியாகக் காட்டுகிறது. அது பிஎச்பி உரிமத்தில் வெளிவந்தது உண்மை. அதே நூலகத்தின் செயற்கூறுகள் தனி முன்னொட்டோடு பெயரிடப்பட்டிருப்பதையும், பழைய கிளையன்ட் நூலகத்தோடு ஒரே புராசஸில் அது இருக்க முடிவதையும் அவர்கள் குறிப்பிடுவதில்லை. 2012-இல் வந்த 5.4 முதல் அதுவே இயல்பான தெரிவு.