யாழ்ப்பாணச் சிறுகதையும் இளையோர் கற்ற பாடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சேறிய கதை, தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பைச் சுமந்து வந்தது. அந்தப் பொறுப்பு யாருடையது, எந்தப் பாடம் சொல்லப்பட வேண்டும், அதைக் கதையின் முடிவில் வெளிப்படையாகச் சொல்வதா வாசகரின் ஊகத்துக்கு விடுவதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. பெரியவர் சொல்ல இளையவர் கேட்பதாக இருந்த கதை, பெரியவர் நடந்துகொள்வதை இளையவர் பார்த்துத் தாமே முடிவுக்கு வருவதாக மாறிய வரலாறே, வளரிளம் பருவத்தைப் பற்றிய யாழ்ப்பாணச் சிறுகதையின் வரலாறு எனலாம்.

1816இல் அமெரிக்க மிஷன் குடாநாட்டுக்கு வந்ததும், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கப்பட்டதும், 1841இல் ‘உதயதாரகை’ இதழ் வெளிவந்ததும் அச்சையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாகப் பிணைத்தன. இதற்கு எதிர்முகமாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மாணவர் படிப்பதற்காகப் பாலபாடங்களை, அதாவது வகுப்புக்கு வகுப்பு படிமுறையாக அமைந்த வாசிப்பு நூல்களை, எழுதி வெளியிட்டார். நாலாம் பாலபாடத்தில் களவு, பொய், கோபம், செய்ந்நன்றியறிதல், தாய் தந்தையரைப் பேணல் எனத் தலைப்பு வாரியாக அறம் வகுத்துரைக்கப்படுகிறது. சமயத்தால் எதிரெதிராக நின்ற இவ்விரு சாராரும் பிள்ளைக்குப் பாடம் மேலிருந்து இறங்கி வருவது என்பதில் ஒரே கருத்துடையவர்களாக இருந்தனர்.

‘உதயதாரகை’யின் ஆசிரியராகப் பணியாற்றிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1869இல் வெளியிட்ட ‘நன்னெறிக் கதாசங்கிரகம்’ இந்த மரபின் முக்கியமான நூலாகும். ஈழத்துச் சிறுகதையின் முன்னோடி முயற்சியாக ஆய்வாளர் சிலர் இதைக் கருதுவர். பெயரே காட்டுவதுபோல, கதை இங்கு நன்னெறிக்கு வாகனம். நல்லவன் உயர்வதும் கெட்டவன் தாழ்வதும் முன்னரே தீர்மானமாகிவிட்டதால், பாத்திரம் மனத்தளவில் வளர்வதற்கு இடமில்லை.

இந்த நிலை மாறியது 1930களில்தான். நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழ் இளைஞர்களின் எழுத்துக்கு இடம் ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகிய இளைஞர்கள் சிலர் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கம் என்னும் அமைப்பைக் கண்டனர், அச்சங்கத்தினரான தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன் முதலியோர் முன்னின்று நடத்திய ‘மறுமலர்ச்சி’ இதழ் 1946 முதல் 1948 வரை வெளிவந்தது. பள்ளி வாசிப்பு நூலுக்கு வெளியே, இளையோர் இளையோருக்காக எழுதும் களம் இவ்வாறு உருவாயிற்று.

ஈழத்துச் சிறுகதையின் மூலவர்களாகப் போற்றப்படும் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரும் எழுதத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’ கதையில், வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இளம் கணவன் மனைவிக்கு வெள்ளிப் பாதசரம் வாங்கிக் கொடுக்கிறான். அதில் ஒன்று மணலில் தொலைந்துபோக, அவன் கடிந்துகொள்ள, இருவருக்குமிடையே மனத்தாங்கல் விழுகிறது. பொருளைக் காட்டிலும் ஆள் பெரிது என்பதை ஆசிரியர் ஓரிடத்திலும் உரைப்பதில்லை; கோபமும் அதன் தணிவுமே அதை உணர்த்திவிடுகின்றன. பாலபாடத்தில் கோபம் என்பது விலக்க வேண்டிய குற்றங்களுள் ஒன்று. இங்கோ இரண்டு இளம் மனங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வழியாக அதுவே அமைகிறது.

அந்நாளைய யாழ்ப்பாணத்து இளைஞன் முன் விரிந்திருந்த வாழ்க்கைப் பாதை மிகக் குறுகியது. நிலம் சிறியது, மழை குறைவு. ஆகவே ஆங்கிலம் படித்துக் கொழும்பிலோ மலாயாவிலோ எழுதுவினைஞர் வேலை பெறுவதே குடும்பத்தின் கனவாயிற்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்னும் ஊர்ப் பழமொழி, அரசாங்கத்தைக் கோறணமேந்து என்று வழங்கிய தலைமுறையின் மனநிலையைக் காட்டுகிறது. பெண்ணுக்குத் தாய்வழி வரும் சொத்தைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கத்தை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமைச் சட்டமாகத் தொகுத்திருந்தனர். சீதனம் சேர்த்துச் சகோதரிகளைக் கரைசேர்த்த பின்னரே அண்ணன்மார் தம் திருமணத்தை நினைக்கலாம் என்னும் எழுதாச் சட்டமும் உடன் நிலவியது. கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுதியான ‘அக்கா’ (1964) இந்த வீட்டுச் சூழலைச் சிறுவனின் கண்வழியே காட்டியது. பெரியவர்கள் மறைத்துப் பேசுவதைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்டு நிற்கும் பிள்ளையின் நிலையே அங்கே பாடமாகிறது.

இளையோர் கற்ற பாடங்களுள் மிகக் கசப்பானது சாதியைப் பற்றியது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பொதுக் கிணற்றில் தாமே அள்ள முடியாமல், வேறொருவர் வந்து வார்க்கும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் அவர்களுக்குச் சிரட்டையிலோ போத்தலிலோ தேநீர் கொடுக்கப்பட்டது. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்ற சம ஆசன ஏற்பாடு 1930ஐ ஒட்டி நடைமுறைப்படுத்தப்பட்டபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சம ஆசனத்தையும் சம போசனத்தையும் ஆதரித்தவர்களுள் 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தினர் குறிப்பிடத்தக்கவர்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி பள்ளிக் கதவை மேலும் அகலத் திறந்தது. அக்கதவால் நுழைந்தவர்களிலிருந்து புதிய எழுத்தாளர்களும் எழுந்தனர்.

என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ இவ்வகைக் கதைகளில் தனித்து நிற்பது. மேடையில் முற்போக்காகப் பேசும் பெரிய மனிதரைத் தேடி ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் வீட்டுக்கு வருகின்றனர். அவரோ நல்ல நிலவு என்று சொல்லி அவர்களை வெளியே அழைத்துச் சென்று பேசுகிறார். வசையில்லை, அடியில்லை, உபசாரம் குறையாமலே வீட்டு வாசல் மூடப்படுகிறது. வந்தவர்கள் கற்றுக்கொள்வது ஒரு மனிதரின் சொல்லையும் அவர் வீட்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை. நாவலரின் பாலபாடமோ சதாசிவம்பிள்ளையின் கதையோ பெரியவரின் வாக்கை ஐயுறும்படி பிள்ளைக்குக் கற்பித்ததில்லை.

பள்ளியில் சாதி சொல்லி இகழப்பட்டுப் படிப்பை இடைநிறுத்திய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி 1960இல் வெளிவந்து இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. கஸ்தூரியார் வீதியில் சிகையலங்கார நிலையம் நடத்திய அவரே 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிப் பல இளம் எழுத்தாளர்களை வளர்த்தார். கே. டானியலின் சிறுகதைகளும் 1963இல் நூலுருப் பெற்றன. இவர்கள் கதைகளில் வளர்வது என்பது, தனக்கு விதிக்கப்பட்ட இடம் இயற்கையானதன்று, பிறரால் வகுக்கப்பட்டது என்று அறிவதாகும்.

இம்மரபில் ஒரு குறையும் உண்டு. ஆண்பிள்ளையின் வளர்ச்சி விரிவாக எழுதப்பட்ட அளவுக்குப் பெண்பிள்ளையின் வளர்ச்சி எழுதப்படவில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு ஊர் கூடிச் செய்யும் சாமத்தியச் சடங்கு, அவள் வெளியுலகத்தைச் சுருக்கும் எல்லையாகவும் இருந்ததை ஆண் எழுத்தாளர் பலர் கடந்து சென்றனர். பவானி ஆழ்வாப்பிள்ளையின் ‘கடவுளரும் மனிதரும்’ (1962) தொகுதியும், ஆசிரியப் பணியும் உளவியல் ஈடுபாடும் கொண்ட கோகிலா மகேந்திரனின் கதைகளும் இந்த மௌனத்தை ஓரளவு நீக்கின.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிகளை மொழிவாரியாகச் சரிசெய்யும் தரப்படுத்தல் முறை புகுத்தப்பட்டதும், படித்தால் உயரலாம் என்ற தலைமுறை நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களும் அந்நம்பிக்கையை மேலும் முறித்தன. ரஞ்சகுமாரின் ‘மோகவாசல்’ (1989) தொகுதியிலுள்ள ‘கோசலை’ கதையில் பிள்ளைகள் ஆயுதப் போராட்டத்துக்குப் போகத் தாய் வீட்டில் தனித்து நிற்கிறாள். இங்கே பிள்ளை தான் கற்ற பாடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லாமலே வெளியேறுகிறான்; அதன் விலையைக் கொடுப்பவள் அவள்.

ஆகவே இக்கதைகளிலிருந்து ஒழுக்க விதிகளின் பட்டியல் ஒன்றைத் திரட்ட முயல்வது அவற்றை மீண்டும் 1869க்கு இழுத்துச் செல்வதாகும். சொன்னதைச் செய்கிறாரா என்று பெரியவரைப் பார், உனக்கு வகுத்த இடத்தை யார் வகுத்தார் என்று கேள், உன் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்று எண்ணு என்னும் மூன்றும் அவற்றில் திரும்பத் திரும்ப வருவன. புத்திமதிக்கும் பரீட்சைக்கும் மிகுந்த மதிப்பளித்த ஒரு சமூகத்தில், இக்கேள்விகளைப் பாடசாலைப் புத்தகம் இளையோர் கையில் கொடுக்கத் தயங்கியபோது சிறுகதை கொடுத்தது.